பாலே பார்க்கப் போன மூன்று சோடி

கதவு என் முகத்துக்கு நேரே மூடியது. அடிக்கவில்லை, கிறீச்சிடவில்லை. கனத்த கதவு, தானாக வந்து மெத்தென்று பொருந்திக்கொண்டது. அதற்குப் பிறகுதான் உள்ளே வயலின்கள் எல்லாம் ஒன்றாக எழும்புகிற சத்தம் கேட்டது.

நான் வெளியே, சிவப்புக் கம்பளத்தில், இரண்டு பேருடைய குளிர்கோட்டையும் சுமந்துகொண்டு நின்றேன். பக்கத்தில் இவர்.

"நான் என்ன பிழை செஞ்சன்? சொல்லு பாப்பம்" என்றார்.

வாயைத் திறந்தால் அழுதுவிடுவேன் போல இருந்தது. ஒரு பெண் கால்விரல் நுனியில் எப்படி நிற்கிறாள் என்று பார்ப்பதற்காக அந்தப் பனிக்காலம் முழுக்கக் காத்திருந்தவள் நான். அவள் இப்போது கதவுக்கு அந்தப் பக்கம் நிற்கிறாள். எனக்குத் தெரிந்தது கதவின் பித்தளைப் பிடி மட்டும்தான்.

போன கிழமை இந்தப் பத்தியில் பனிச்சப்பாத்தைப் பற்றி நான் எழுதியதை வாசித்துவிட்டு, 'அம்மா, நீங்கள் மொன்றியலில் ஊழியம் செய்தீர்களா, விழுந்து விழுந்து எழும்பினீர்களா' என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார். இரண்டும் செய்தோம். இது விழாமலே மாட்டிக்கொண்ட கதை.

சோடி பிரியக்கூடாது

எங்கள் சபையில், வேலையிலிருந்து ஓய்ந்த கணவன் மனைவியரை வெளிநாடுகளுக்கு ஊழியத்துக்கு அனுப்புகிற வழக்கம் உண்டு. அப்படித்தான் மட்டக்களப்பிலிருந்து எங்களை மொன்றியலுக்கு அனுப்பினார்கள். இவர் கூட்டுறவுச் சங்கக்கடை மனேச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். நான் ஐந்தாம் வகுப்போடு நின்று அடுப்படிக்குப் போனவள். அங்கிருந்து எனக்கு யாரும் ஓய்வு தரவில்லை.

மொன்றியலின் லாசால் பகுதியில் ஒரு மாடிக் கட்டிடத்தில் சின்ன வீடு தந்தார்கள். சுற்றிவர இருந்த தமிழ்க் குடும்பங்களைப் போய்ப் பார்ப்பது, சுகமில்லாதவர்களோடு இருப்பது, ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தைத் திறந்து கூட்டி வைப்பது, இவ்வளவும்தான் எங்கள் வேலை.

கதைப்பது இவர் பாடு. நான் பக்கத்தில் இருப்பேன். போன வீடுகளில், "அம்மா ஒண்டும் கதைக்க மாட்டாவோ?" என்று கேட்பார்கள். "அவ மனசுக்குள்ள செபம் பண்ணுறா" என்பார் இவர். உண்மையில் நான் அந்த வீட்டுத் திரைச்சீலைக்கு எத்தனை முழம் துணி போயிருக்கும் என்று பார்த்துக்கொண்டிருப்பேன்.

ஊழியத்துக்கு ஒரு சட்டம் இருந்தது. சோடி பிரியக்கூடாது. எங்கே போனாலும் ஒருவர் மற்றவரின் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் இருக்கவேண்டும். இளம் பெடியன்களை இரண்டு இரண்டாக அனுப்புகிறபோது அவர்களுக்காகப் போட்ட சட்டம் அது. கிழடுகளுக்கும் அதையே வைத்துவிட்டார்கள்.

தெருமுனையில் தெப்பனர் என்கிற சில்லறைக் கடையில் நான் வெங்காயம் பொறுக்கினால், இவர் பால் அலுமாரியடியில் நின்று கழுத்தை நீட்டி என்னைப் பார்ப்பார். நாங்கள் சேர்ந்து களவெடுக்க வந்திருக்கிறோம் என்று கடைக்காரர் கன நாள் நினைத்திருக்கிறார். இவர் கழிப்பறைக்குப் போனால் நான் வாசலில் கோட்டை வைத்துக்கொண்டு நிற்பேன். கல்யாணம் கட்டிய புதிதில்கூட எங்களுக்குள் இப்படி ஒரு ஒட்டு இருந்ததில்லை.

எங்களோடு இன்னும் இரண்டு சோடி இருந்தார்கள். ஒன்று யாழ்ப்பாணத்துக் கணக்கு மாஸ்டரும் அவருடைய மனைவி திலகமக்காவும். மற்றது ஹெரல்டும் ஜூனும். அவர்கள் கனடாவின் மேற்கே கோதுமை விளைகிற பக்கத்து வெள்ளைக்காரர். எங்கள் எல்லோருக்கும் பொறுப்பாளர்கள். ஹெரல்ட் கை குலுக்கினால் மோதிரம் வளைந்துவிடும் என்று, அவரைக் காணும்போதெல்லாம் திலகமக்கா இரண்டு கையையும் கூப்பி வணக்கம் சொல்லித் தப்பிவிடுவா.

மாதத்தில் ஒரு சனிக்கிழமை மூன்று சோடியும் சேர்ந்து எங்காவது உலாப் போவோம். எங்கே போவதென்று பெண்கள் முறை வைத்துச் சொல்லவேண்டும். இது ஜூன் போட்ட சட்டம். ஆம்பிளைகளிடம் விட்டால் போகிற இடமெல்லாம் உழவு மெசினைத்தான் பார்க்கவேண்டி வரும் என்றா.

என் முறை

என் முறை வந்தால் நான் "எதெண்டாலும் சரி" என்பேன். உடனே இவர் எனக்காகச் சொல்லுவார்.

அப்படித்தான் ஒரு முறை சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூக்குப் போனோம். மொன்றியல் தீவின் மேற்கு முனை. அங்கே படகுகளை ஒரு தொட்டிக்குள் விட்டு, தண்ணீரை ஏற்றி இறக்கி, மறுபக்கம் அனுப்புகிறார்கள். நாங்கள் வாங்குப் பலகையில் உட்கார்ந்து ஐஸ்கிறீம் சாப்பிட்டோம். இவர் மட்டும் கரையில் நின்று, வருகிற ஒவ்வொரு படகையும் "வா, வா, கொஞ்சம் அங்கால" என்று கையால் காட்டி உள்ளே எடுத்தார். படகுக்காரர்களும் பாவம், யாரோ உத்தியோகத்தர் என்று நினைத்துத் தலையாட்டினார்கள். இவருக்கு அன்று முழுக்க நல்ல சந்தோசம்.

இதற்கிடையில் மெட்ரோ நிலையச் சுவரில் ஒரு படம் ஒட்டியிருந்தார்கள். வெள்ளைச் சட்டை போட்ட ஒரு பெண். ஒரு கால் காற்றில். மற்றக் காலில் பெருவிரல் நுனி மட்டும் நிலத்தில்.

எனக்குப் பெருவிரல் பக்கத்தில் எலும்பு துருத்திக்கொண்டிருக்கும். சப்பாத்து வாங்கப் போனால் கடைக்காரப் பிள்ளை என் காலைக் கண்டு பெருமூச்சு விடும். அப்படிப்பட்ட எனக்கு அந்தப் படத்தைத் தாண்டிப் போக முடியவில்லை. ரெயில் வரும்வரை அதன் முன்னால்தான் நிற்பேன்.

"அது படம் புள்ள. கம்பி கட்டித் தூக்கியிருப்பாங்க" என்றார் இவர்.

நான் கம்பியைத் தேடினேன். தெரியவில்லை.

அடுத்த முறை என்னுடையது. ஆலயத்துக் குசினியில் எல்லோரும் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தோம். ஜூன் என்னைப் பார்த்து, எங்கே போகலாம் என்று கேட்டா. இவர் தொண்டையைச் செருமினார். அதற்கு முந்தி என் வாய் திறந்துவிட்டது.

"அந்த விரல்ல நிக்கிற புள்ளையப் பாக்கப் போவம்."

மாஸ்டர் கோப்பையைக் கீழே வைத்தார்.

"பாலேயோ?" என்றா திலகமக்கா. "ஞானம், நீரோ கேட்டது?"

என் பெயர் ஞானம்மா. அவ என்னை ஞானம் என்பா.

"அந்த ஆட்டத்துக்கு ஆம்பிளையள் காற்சட்டை போடுறல்ல" என்றார் இவர். "இடுப்புவரைக்கும் காலோட ஒட்டின ஒரு மேசுதான். அவ்வளவுதான்."

"உமக்கு எப்பிடித் தெரியும்?" மாஸ்டர் கேட்டார்.

"டிவியில ஒருக்கா வந்தது. உடனே நிப்பாட்டிட்டன்."

"எவ்வளவு நேரம் பாத்திட்டு?" என்றா திலகமக்கா.

மாஸ்டர் இந்தப் பேச்சு முழுவதையும் ஹெரல்டுக்கு இங்கிலீசில் சொன்னார். ஹெரல்ட் எதையும் யோசிக்காமல் சொல்லமாட்டார். நெடுநேரம் தேத்தண்ணியைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, தானும் பனிக்காலத்தில் வயல் வேலைக்குப் போகும்போது அப்படி ஒரு நீளமான மேசு காற்சட்டைக்கு உள்ளே போடுவதுண்டு, அதில் பாவம் ஒன்றும் இல்லை என்றார்.

"அண்ணை, உங்கட மனிசி இவ்வளவு நாளில வாய் திறந்து கேட்டது இது ஒண்டுதான்" என்றா திலகமக்கா. "நீங்கள் வராட்டி அவவும் வரேலாது. சட்டம் அப்பிடி."

இவர் என்னைப் பார்த்தார். நான் கோப்பை கழுவுகிற சாட்டில் திரும்பிக்கொண்டேன்.

"சரி, வாறன்" என்றார். "ஆனா ஆம்பிளையள் வந்தா நான் கண்ணை மூடிருவன். இப்பவே சொல்லிட்டன்."

பின் வாங்கு

சனிக்கிழமை பகல் ஆட்டம். முதலில் டவுன்டவுனில் ஒரு சாப்பாட்டுக் கடைக்குப் போனோம். ஹெரல்ட் எழுந்து நின்று சாப்பாட்டுக்கு ஸ்தோத்திரம் சொன்னார். பக்கத்து மேசைக்காரரும் கரண்டியைக் கீழே வைத்துக் காத்திருந்தார்கள். பால் ஊற்றின மாதிரி ஒரு வெள்ளைச் சேமியா வந்தது. நாங்கள் நாலு பேரும் அதைக் கிளறிக்கொண்டு இருந்ததைக் குசினிக் கண்ணாடியால் பார்த்த சமையல்காரர் வெளியே வந்தார். திருக்கோணமலை ஆள்.

"அம்மா, இது உங்களுக்கு இறங்காது. பொறுங்க" என்று சொல்லிவிட்டுப் போய், தன்னுடைய மத்தியானச் சாப்பாட்டுக்கு வைத்திருந்த உறைப்பான கட்டச்சம்பலை ஒரு சின்னக் கிண்ணத்தில் கொண்டுவந்து வைத்தார். ஹெரல்டும் கொஞ்சம் தொட்டுச் சாப்பிட்டார். பிறகு மண்டபம் போய்ச் சேரும்வரை அவர் ஒன்றும் பேசவில்லை.

இங்கே இவரைப் பற்றி ஒரு விசயம் சொல்லவேண்டும்.

மட்டக்களப்பில் எங்கள் ஆலயத்தில் இவர்தான் வாசல் ஊழியர். வருகிறவர்களைக் கூட்டிப்போய் இருத்துவது அவர் பொறுப்பு. எங்கள் ஆட்களுக்கு ஆலயத்துக்குள் வந்தால் பின் வாங்குதான் வேண்டும். முன் வாங்கு வெறுமையாகக் கிடக்கும். போதகர் வெறும் பலகைக்குப் பிரசங்கம் பண்ணக்கூடாது என்பது இவருடைய வைராக்கியம்.

அதற்கு இவரிடம் ஒரு முறை உண்டு. கெஞ்சமாட்டார், அதட்டமாட்டார். பின் வாங்கில் இருக்கிற தாயிடம் போய்ச் சிரித்து, மடியில் இருக்கிற பிள்ளையை வாங்கிக்கொண்டு முன்னுக்கு நடப்பார். தாய் எழுந்து வரத்தானே வேண்டும்? தாய் வந்தால் தகப்பன் வருவார். தகப்பன் வந்தால் மாமியும் வருவா. கிழவர்கள் என்றால் கைத்தடியை வாங்குவார். பாட்டு முடிவதற்குள் முன் வாங்கு நிரம்பிவிடும்.

லாசாலுக்கு வந்தும் விடவில்லை. பிரெஞ்சுக் குடும்பங்களும் வருகிற ஆலயம் என்பதால் அதற்கு வேண்டிய பிரெஞ்சை மட்டும் பாடமாக்கி வைத்திருந்தார். வணக்கம் என்பதற்கு, போன்ஜூர். தயவுசெய்து என்பதற்கு, சில் வூ ப்ளே. முன்னுக்கு என்பதற்கு, தெவாந்.

வாசல் ஊழியர்

மண்டபத்துக்கு நாங்கள் வெள்ளென வந்துவிட்டோம். எங்கேயும் வெள்ளென வருவதுதான் எங்கள் வழக்கம். ஆம்பிளைகள் மூன்று பேரும் கறுப்புக் கோட், கழுத்துப் பட்டி, நெஞ்சில் பெயர்த் தகடு. ஊழியக்காரர் வெளியே போனால் தகட்டைக் கழற்றக்கூடாது.

எங்கள் ஆறு பேருக்கும் கடைசி வரிசை. கதவுக்குப் பக்கம். இவர் கதவோரம், நான் அடுத்தது. மேடையில் நீலத் திரை தொங்கியது.

சனங்கள் வரத் தொடங்கினார்கள். பின் வரிசைகள்தான் முதலில் நிரம்பின. முன்னுக்கு முழுக்க வெறும் சிவப்புக் கதிரைகள்.

இவருக்கு இருப்புக்கொள்ளவில்லை.

"பார் புள்ள. இந்த ஊர்லயும் இதே பழக்கம்."

"இஞ்ச, பேசாம இரிங்க. டிக்கட்டில நம்பர் இருக்கு."

"நம்பர் என்ன நம்பர். எவ்வளவு இடம் சும்மா கிடக்கு!"

எழும்பிவிட்டார். எங்களுக்கு முன் வரிசையில் இரண்டு பிரெஞ்சுக் கிழவிகள், அக்கா தங்கச்சி போல, ஒரே மாதிரித் தொப்பியோடு இருந்தார்கள். இவர் குனிந்து, "போன்ஜூர் மதாம்" என்று சிரித்து, ஒருத்தியின் கைத்தடியை வாங்கினார். வாங்கிக்கொண்டு நடந்தார். கிழவிகள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். கறுப்புக் கோட்டைப் பார்த்தார்கள். தகட்டைப் பார்த்தார்கள். எழும்பிப் பின்னால் போனார்கள். இரண்டாம் வரிசை நடுவில், மேடையைத் தொடுகிற தூரத்தில் அவர்களை இருத்திவிட்டு இவர் திரும்பி வந்தார்.

அடுத்தது ஒரு தகப்பனும் ரிபன் கட்டிய இரண்டு பிள்ளைகளும். பிள்ளைகளின் கோட்டை வாங்கினார், நடந்தார். பிறகு தலைமயிர் வளர்த்த கல்லூரிக்காரர் ஒரு கூட்டம். அவர்களிடம் எதையும் வாங்கத் தேவைப்படவில்லை. "தெவாந்" என்று சொன்னதுதான், ஓடினார்கள். ஒரு பெண் மட்டும் டிக்கட்டை நீட்டிக் காட்டினா. இவர் அதை மரியாதையாக வாங்கி, பார்த்து, மடித்து, திருப்பி அவ கையில் வைத்து, முன்னுக்குக் கையைக் காட்டினார்.

சட்டப்படி அவர் என் கண்ணுக்குத் தெரியவேண்டும். நன்றாகத் தெரிந்தார். மண்டபத்தில் எல்லோருக்கும் தெரிந்தார்.

கதவால் ஒரு தமிழ்ப் பெண் வந்தா. பட்டுப் புடவைக்கு மேல் நீளக் கோட், பின்னால் கணவர். சென்னைப் பக்கத்து டாக்டர் என்று பிறகு அறிந்தேன்.

"அங்கிள், நீங்க தமிழா? இங்கேயா வேலை பாக்கறீங்க?"

"எங்க போனாலும் எனக்கு இதுதான் வேலை, மகள். வாங்க, வாங்க."

"எங்க சீட் மேலே, பால்கனியில..."

"மேல என்னத்துக்குப் போய்ப் படி ஏறுறீங்க? கீழ இவ்வளவு இடம் கிடக்கு!"

டாக்டர் அம்மா கணவரைப் பார்த்தா. "ஏதோ நல்ல இடமா மாத்திக் குடுக்கறாங்க போலிருக்கு. பேசாம வா" என்று கணவர் காதோடு சொன்னது எனக்குக் கேட்டது.

மாஸ்டர் அப்போதுதான் தன் கையில் இருந்த நிகழ்ச்சித் தாளிலிருந்து தலையை எடுத்தார்.

"ஐயோ, இந்த மனுசன் என்ன செய்யுறார்? அது காசு கூடின இடமெல்லே!"

"விடுங்கோப்பா, நல்லாத்தான் நிரப்புறார்" என்ற திலகமக்கா, சேலைத் தலைப்பை வாய்க்குள் அடைத்துக்கொண்டு குலுங்கினா. ஹெரல்டோ, ஒரு சகோதரன் தனியே ஊழியம் செய்கிறானே என்று உதவிக்கு எழும்பிவிட்டார். ஜூன் அவருடைய கோட் வாலைப் பிடித்து இழுத்து இருத்தினா.

கதிரைக்கு உரியவர்கள் கடைசியில்தான் வந்தார்கள். கழுத்தில் உரோமம் வைத்த கோட்டுகள், வாசனை, நிதானமான நடை. வந்து பார்த்தால் அவர்கள் இடத்தில் கல்லூரிக்காரர் கால் நீட்டியிருக்கிறார்கள். முதலில் மெல்லிய பேச்சு. பிறகு அவ்வளவு மெல்லியது இல்லை. கதிரையில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக எழும்பிப் பின்னால் திரும்பி, ஒரே ஆளைக் கையால் காட்டினார்கள்.

இவர் நடு வழியில் நின்றார். எல்லோரும் தன்னைக் காட்டுவதைக் கண்டு, பணிவாகத் தலையைக் குனிந்துகொண்டார்.

வெள்ளி முடியை ஒட்ட வெட்டிய ஒரு பெண் வந்தா. அந்த மண்டபத்து வாசல் ஊழியர்களுக்கெல்லாம் தலைவி. இவருடைய முழங்கையை மெல்லப் பிடித்து வெளியே கூட்டிக்கொண்டு போனா. நன்றி சொல்லத்தான் கூப்பிடுகிறா என்று இவர் நினைத்தார், முகத்தில் தெரிந்தது. சோடி பிரியக்கூடாது. நான் இரண்டு கோட்டையும் அள்ளிக்கொண்டு பின்னால் போனேன்.

அப்படித்தான் அந்தக் கதவு எனக்கு நேரே மூடியது.

ஒரு விரல்

தலைவி இவருடைய தகட்டை வாசித்தா. குனிந்து மறுபடி வாசித்தா. இதைச் செய்யச் சொன்னது யார் என்று இங்கிலீசில் கேட்டா.

"நான்தான்" என்றார் இவர், தமிழிலேயே, நெஞ்சைத் தொட்டு.

அவ நெற்றியில் கையை வைத்துக்கொண்டு உள்ளே போனா. நாங்கள் நின்றோம். இசை ஏறி இறங்கியது. கதவில் காதை வைக்க ஆசையாக இருந்தது, வெட்கமாகவும் இருந்தது.

கொஞ்சத்தால் அவ திரும்பி வந்து சொன்னதில் எனக்கு விளங்கியது இவ்வளவு. இடம் இல்லாமல் நின்றவர்களை அவசரத்தில் கிடைத்த கதிரைகளில் இருத்தியாயிற்று. எங்கள் இரண்டு கதிரையிலும் ஆள். இனி இடைவேளைவரை யாரையும் எழுப்ப முடியாது. பின் சுவரோடு மடக்குக் கதிரை ஒன்று இருக்கிறது. முதல் ஆட்டம் முடிந்து கை தட்டுகிற நேரத்துக்கு மட்டும் கதவைத் திறப்பா. ஒரு ஆள் போகலாம். இதைச் சொல்லி ஒரு விரலைக் காட்டினா.

இவர் இரண்டு விரலைச் சேர்த்துக் காட்டினார். "நாங்க சோடி. ரெண்டு பேரும் வெளிய நிப்பம். என்ன புள்ள?"

உள்ளே கை தட்டல் எழும்பியது. தகரக் கூரையில் மழை விழுந்த மாதிரி.

தலைவி பித்தளைப் பிடியில் கையை வைத்துக்கொண்டு பார்த்தா. அவரை இல்லை, என்னை.

வெளியே நின்றால் எல்லாம் சரி. யாரும் ஒன்றும் சொல்லப்போவதில்லை. வீட்டுக்குப் போய்ச் சோறு ஆக்கிச் சாப்பிட்டுப் படுக்கலாம். நான் இரண்டு கோட்டையும் இவர் கையில் போட்டேன்.

"என்ன?"

"நான் போறன்."

"தனியவா? சட்டம்..."

"நீங்க இஞ்ச நில்லுங்க. நான் உள்ள நிக்கிறன். நடுவில ஒரு கதவுதானே."

அவர் கோட்டுகளைச் சரியாக அணைத்துப் பிடிப்பதற்குள் நான் இருட்டுக்குள் இருந்தேன்.

நுனிக்கால்

மடக்குக் கதிரையில் இருந்தால் முன்னால் ஒரு சுருட்டை முடிக்காரரின் தலைதான் தெரிந்தது. நான் கட்டை. எழும்பிச் சுவரோடு சாய்ந்து நின்றேன்.

மேடையில் ஒரு வீடு, ஒரு வேலி, வேலிக்கு அங்கால் கடல். அவள் வந்தாள்.

முதலில் எனக்குத் திடுக்கிட்டது சத்தம்தான். டக், டக், டக். படத்தில் பஞ்சு மாதிரி நின்ற பெண்ணுக்குப் பாரம் இருந்தது. சப்பாத்து நுனி பலகையில் குத்துகிற சத்தம் பின் சுவர்வரை வந்தது. நின்றபோது அவள் முதுகு மூச்சு வாங்கியது. கம்பி ஒன்றும் இல்லை.

அவளுடைய ஆள் படகில் போய்விட்டான். அவள் வேலிக்கு மேலால் கடலைப் பார்க்கவேண்டும். முதலில் குதிகால் எழும்பியது. பிறகு பாதம். பிறகு விரல். உயரத் தட்டில் கிடக்கிற தகரப் பேணியை எடுக்க நாங்கள் எல்லோரும் இப்படித்தானே எட்டுகிறோம்! நாங்கள் பேணியை எடுத்ததும் இறங்கிவிடுகிறோம். அவள் இறங்கவில்லை. படகு வராததால் அப்படியே நின்றாள். அப்படியே நடந்தாள்.

மேசு போட்ட ஆம்பிளைகளும் வந்தார்கள். நான் கண்ணை மூடவில்லை. பார்த்தேன். ஒன்றும் ஆகவில்லை. ஒருவன் அவளைத் தலைக்கு மேலே தூக்கி ஒரு சுற்றுச் சுற்றி, கோதுமை மாப் பையை இறக்குவது போல் இல்லாமல், முட்டைக் கூடையை இறக்குவது போல் இறக்கினான். அந்தக் காலுக்குள் எவ்வளவு பலம் இருக்கவேண்டும்! அது தெரியத்தான் அந்த மேசு என்று எனக்கு விளங்கியது.

கெண்டைக்கால் பிடித்து இழுத்தபோதுதான் கவனித்தேன், நானும் அவ்வளவு நேரமும் நுனிக்காலில் நின்றிருக்கிறேன். குதியை இறக்கினேன். பக்கத்தில் திரும்பிப் பார்த்தேன். யாரும் இல்லை. என் பக்கம் நீட்டிய கழுத்து ஒன்றும் இல்லை. கை இரண்டும் வெறுமையாக இருந்தன. அவற்றை எங்கே வைப்பதென்று தெரியாமல் பின்னால் சுவரில் வைத்துக்கொண்டேன். சுவர் சில்லென்று நன்றாக இருந்தது.

இடைவேளைக்குக் கதவு திறந்தது. தலைவி கொடுத்த கதிரையில் இரண்டு கோட்டையும் மடியில் வைத்துக்கொண்டு இவர் இருந்தார்.

"முடிஞ்சுதா?"

"பாதி."

"டக் டக்கெண்டு கேட்டது என்ன? ஆரும் விழுந்தாங்களா?"

"அது அவட சப்பாத்து. விரல்ல நிண்டு படகைப் பாக்குறா."

"ஓ" என்றார். கோட்டின் பொத்தானைத் திருகினார். "விட்டுட்டுப் போயிட்டாய், என்ன?"

நான் என் கோட்டை அவர் மடியிலிருந்து எடுத்துக்கொண்டேன். மன்னிப்புக் கேட்கவில்லை.

இரண்டாம் பாதிக்கு அவரவர் கதிரை கிடைத்தது. டாக்டர் அம்மா பால்கனிக்குப் படி ஏறிப் போகும்போது எங்களைப் பார்த்துக் கையசைத்தா. இரண்டாம் வரிசையிலிருந்து பாதியாவது பார்த்தோமே என்ற சந்தோசம். இவர், சொன்ன சொல் தவறாதவர், முதல் மேசு மேடைக்கு வந்ததுமே கண்ணை மூடினார். அப்படியே குறட்டை விட்டார். அங்காலே ஹெரல்டும் விட்டார். இரண்டும் ஒன்றோடொன்று நன்றாகப் பொருந்தியது என்று திலகமக்கா சொன்னா.

ஹெரல்டின் கேள்வி

உலா முடிந்து பிரியும்போது மெட்ரோ மேடையில் வைத்து ஹெரல்ட் ஒரு கேள்வி கேட்பார். எல்லோரும் சோடியாகத்தானே இருந்தீர்கள்? ஒவ்வொரு மாதமும் கேட்பதால் அந்த இங்கிலீசு எனக்கே விளங்கும். ஆம்பிளைகள் 'யெஸ்' சொல்லவேண்டும். அவ்வளவுதான்.

மாஸ்டர் 'யெஸ்' சொன்னார். ஹெரல்ட் இவரைப் பார்த்தார்.

இவருக்குப் பொய் வராது. சங்கக்கடையில் அரிசி வராத நாளில் அரிசி வரும் என்றுகூடச் சொல்லத் தெரியாமல் பின் கதவால் வீட்டுக்கு ஓடி வந்தவர். சப்பாத்தைப் பார்த்தார். காது சிவந்துவிட்டது.

"நோ" என்றேன் நான்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எனக்குத் தெரிந்த இங்கிலீசை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தேன். "ஹீ ஸ்டே. ஐ கோ. வெரி குட் டான்ஸ்."

ஹெரல்ட் யோசிக்கத் தொடங்கினார். அவர் யோசித்தால் நேரம் எடுக்கும். மாஸ்டர் சுவரைப் பார்த்தார். இனி எங்களுக்கு உலாவே கிடையாது என்றுதான் நினைத்தேன். அதற்குள் ரெயில் வந்தது. ஜூன் என் கையைப் பிடித்து, தன் கைக்குள் கோர்த்து, ஹெரல்டைப் பார்க்காமலே முதல் பெட்டியை நோக்கி நடந்தா. திலகமக்காவும் ஓடி வந்து எங்களோடு ஏறினா. மூன்று ஆம்பிளைகளும் வேறு பெட்டியில் வந்தார்கள். வழி முழுக்க ஜூன் தன் இங்கிலீசில் ஏதோ சொல்லிச் சிரித்தா. திலகமக்கா எனக்குச் சொல்லவே முடியாமல் சிரித்தா. நானும் சேர்ந்து சிரித்தேன்.

மெட்ரோவின் பச்சை லைன் முடிகிற இடத்தில் இறங்கி, லாசால் பஸ்ஸுக்காக நாங்கள் இரண்டு பேரும் நின்றோம். மெல்லிய பனி தூவியது. இவர் ஒன்றும் கதைக்கவில்லை. எப்போதும் கதைக்கிறவர் கதைக்காவிட்டால் அது ஒரு பெரிய சத்தம் மாதிரி இருக்கிறது. கோபம்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

"மறுகா, அதுக்குப் பிறகு, அந்தப் படகு வந்ததா?" என்றார், வீதியைப் பார்த்தபடி.

"முதல்ல இருந்து சொல்லவா?"

"சொல்லு."

நான் சொன்னேன். வீடு எந்தப் பக்கம், வேலி எந்தப் பக்கம், அவள் சட்டை என்ன நிறம். இவர் இடையிலே பேசவில்லை. வாயால் சொல்ல முடியாத இடம் வந்தது. கைப்பையை வாங்கில் வைத்துவிட்டு, இவருடைய தோளைப் பிடித்துக்கொண்டு, பனிச்சப்பாத்தோடு குதியை எழுப்பிக் காட்டினேன்.

பஸ் வந்து நின்றது. கதவு திறந்து வெளிச்சம் எங்கள்மேல் விழுந்தது. சாரதி எங்களையே பார்த்தார். நான் அப்போது கதையில் படகின் விளக்குத் தூரத்தில் தெரிகிற இடத்தில் நின்றேன், இறங்கவில்லை.

இவர் சாரதியிடம், "மெர்சி, மெர்சி" என்று சொல்லி, போகும்படி கையைக் காட்டினார். பஸ் போய்விட்டது.

"ம்," என்றார். "மறுகா?"